அலுமாரிக்குள் இருக்கும் விஞ்ஞானி



யாருடைய நினைவாக இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த ஆசிரியரிடம் நான் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவரே வாத்தியார். மழை பிடித்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. பெல்மதுளையில் மழை எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரங்களில் அவர் எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூட்டி வருவார். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களிடம் வாங்கிய வாளியொன்றைக் கூரைத்தண்ணீர் விழும் இடத்தில் வைத்து, அது நிறையும்வரை எண்ணச் சொல்வார். பிறகு சின்ன வாளி. பிறகு பால் சிரட்டை. கனவளவு என்ற சொல்லை நான் பிற்பாடுதான் படித்தேன். அந்தச் சொல் வந்தபோது அது எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

நானும் பிறகு விஞ்ஞான ஆசிரியனாகி, இந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். இன்றைக்கு நான் பேச வந்தது, தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருநாள் நான் கொடுத்த ஒரு பயிற்சியைப் பற்றி. ஆளுக்கு அரைத்தாள் கொடுத்தேன். "ஒரு விஞ்ஞானி வேலை செய்றத வரைங்க" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

முப்பது சொச்சம் படங்கள் வந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தரையில் பரப்பிப் பார்த்தேன். ஒரே ஆளை முப்பது பேர் பார்த்து வரைந்தது போல இருந்தது. ஆண். வயதானவர். மூக்குக் கண்ணாடி. நடுமண்டை வழுக்கை, இரண்டு பக்கமும் முடி பறக்கிறது. முழங்கால்வரை வெள்ளைக் கோட். கையில் குடுவை, குடுவையிலிருந்து புகை. சிலர் அந்த முடியை நடுவகிடெடுத்துத் தோள்வரை இறக்கி அப்துல் கலாம் ஆக்கியிருந்தார்கள். இரண்டு பையன்கள் பக்கத்தில் ரோபோ ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி கதவையும் வரைந்து அதில் "உள்ளே வரக் கூடாது" என்று எழுதியிருந்தாள். பெண் இருந்த படங்கள் இரண்டே இரண்டு. ஒன்றில் கீழே மேரி கியூரி என்று பெயர். மற்றதில் அந்தப் பெண் தட்டு ஏந்திக்கொண்டு விஞ்ஞானிக்குப் பின்னால் நின்றாள்.

ஒரு பையன் மட்டும் ஆளையே வரையவில்லை. இரும்பு அலுமாரி ஒன்றை வரைந்திருந்தான். இரண்டு கதவு, நடுவில் பூட்டு. பூட்டில் அவன் நிறைய நேரம் செலவழித்திருந்தான். சாவித்துவாரத்துக்குக்கூட நிழல் போட்டிருந்தான். மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "விஞ்ஞானி எங்கடா?" என்று கேட்டேன்.

"உள்ளுக்க இருக்காரு, சேர்."

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அது எங்கள் வகுப்பறை மூலையில் நின்ற அலுமாரி. விஞ்ஞான உபகரணமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. தரம் ஆறிலிருந்து அந்தப் பையன் அந்த அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், திறந்து பார்த்ததில்லை.

ஏன் பூட்டி வைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு பாடசாலையில் பிள்ளைகள் கையில் ஒரு தராசு விழுந்து பழுதாகிவிட்டது. வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, கடைசியில் என் சம்பளத்திலிருந்து காசு போனது. அன்றிலிருந்து கண்ணாடிச் சாமானை நானே எடுத்து, நானே செய்து காட்டி, நானே கழுவி, நானே பூட்டினேன். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆசிரியர்களான நம்மில் பலர் அப்படித்தான் படிப்பித்தோம். பயம் இருந்தது, பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது யார் என்று அந்தப் பூட்டுப் படத்தைப் பார்க்கும்வரை நான் யோசித்ததில்லை.

இந்தப் பயிற்சி என் சொந்தச் சரக்கில்லை. 1957இல் மார்கரெட் மீட், ரோடா மெற்றோ என்ற இரண்டு பெண் மானிடவியலாளர்கள் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 35,000 கட்டுரைகளை வைத்து, விஞ்ஞானி என்றதும் பிள்ளைகள் மனதில் யார் வருகிறார் என்று ஆராய்ந்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் அங்கேயும் வந்தன. விஞ்ஞானம் நாட்டுக்கு நல்லது என்று பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். நீ விஞ்ஞானி ஆவாயா, விஞ்ஞானி ஒருவரைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டபோது பின்வாங்கினார்கள். பிறகு டேவிட் வேட் சேம்பர்ஸ் என்பவர் எழுத்தை விட்டுப் படத்துக்கு வந்தார். 1966இலிருந்து 1977 வரை கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பாலர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையான 4,807 பிள்ளைகளிடம் படம் வாங்கினார். 1983இல் முடிவை வெளியிட்டார். அத்தனை படங்களில் பெண் விஞ்ஞானி 28 பேர். அந்த 28 படங்களையும் வரைந்தவர்கள் பெண்பிள்ளைகள். ஆண்பிள்ளை ஒருவன்கூட ஒரு பெண்ணை வரையவில்லை.

அவருடைய முடிவுகளில் என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. பாலர் வகுப்புப் பிள்ளைகளின் படங்களில் இந்தக் கோட்டும் கண்ணாடியும் தாடியும் கிட்டத்தட்ட இல்லை. வகுப்பு ஏற ஏறத்தான் அவை ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. பிள்ளை பிறக்கும்போது இந்தப் படத்தோடு பிறக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற வருடங்களில் நம்மில் யாரோ கொடுக்கிறோம்.

2018இல் டேவிட் மில்லரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் ஐந்து தசாப்தங்களாக நடந்த 78 ஆய்வுகளை, 20,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் படங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சேம்பர்ஸ் காலத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத பெண் விஞ்ஞானி, 1985க்குப் பிந்திய படங்களில் சராசரியாக நூற்றுக்கு 28 ஆகியிருந்தாள். அங்கே பெண்கள் ஆய்வுகூடங்களுக்குள் போகப் போக, பிள்ளைகளின் பென்சிலும் மாறியிருக்கிறது. ஆனால் வயதைப் பாருங்கள். ஆறு வயதுப் பெண்பிள்ளைகள் வரைந்ததில் நூற்றுக்கு 70 பெண்கள். பத்து, பதினொரு வயதில் தராசு மறுபக்கம் சாய்கிறது. பதினாறு வயதில் அதே பெண்பிள்ளைகள் வரைவதில் நாலில் மூன்று ஆண்கள்.

பத்து வயது என்றால் நமக்கு என்ன வயது? புலமைப்பரிசில் பரீட்சை வயது. தாய்மார் மலையிலிருந்து வந்து, கொழுந்துப் பையை இறக்கிவைத்து, பிள்ளையை மேசையில் உட்கார வைக்கிற வயது. வெட்டுப்புள்ளி ஒன்றைத்தான் அந்த வருடம் முழுக்க நாம் பேசுகிறோம். அதே வருடத்தில்தான் அந்தப் பெண்பிள்ளை மனதிலிருந்து ஒருத்தி சத்தமில்லாமல் எழுந்து வெளியே போகிறாள்.

பாஷை இதற்குக் காரணமா என்றும் யோசித்துப் பார்த்தேன். தமிழைக் குற்றம் சொல்ல முடியாது. விஞ்ஞானி என்ற சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. தொழிலாளி, நோயாளி மாதிரி அது பொதுச்சொல். கண்டுபிடித்தார் என்று எழுதினால் அந்த 'ஆர்' விகுதி இரண்டு பேருக்கும் பொது. 'அவர்' என்றாலும் அப்படியே. நம் பாடநூலில் பெயரை மட்டும் மூடிவிட்டு வாசித்தால் அவர் ஆணா பெண்ணா என்று சொல்லவே முடியாது. பாஷை கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'சயன்டிஸ்ட்' என்ற சொல் முதன்முதல் அச்சில் வந்ததே ஒரு பெண் எழுதிய புத்தகத்தைப் பற்றிய மதிப்புரையில். 1834இல் மேரி சமர்வில்லின் நூலுக்கு வில்லியம் ஹியூவெல் எழுதிய மதிப்புரை அது. சொல் அப்படிப் பிறந்தது. படம் வேறு மாதிரி வளர்ந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். படத்தில் இருப்பதெல்லாம் பிள்ளையின் நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீடு வரையச் சொன்னால் லயத்தில் இருக்கிற பிள்ளைகூட முக்கோணக் கூரையும் புகைபோக்கியும் போட்ட தனி வீட்டைத்தான் வரையும். தன் வீடு அப்படி என்று அது நினைக்கவில்லை. வீடு என்று வாத்தியாருக்கு விளங்க வேண்டுமே என்று அப்படி வரைகிறது. வெள்ளைக் கோட்டும் அந்த மாதிரி ஓர் அடையாளமாக இருக்கலாம். அதனால் நான் இன்னொரு அரைத்தாள் கொடுத்து, "வேறொரு விஞ்ஞானிய வரைங்க" என்றேன். இரண்டாவது படத்தில் கொஞ்சம் வித்தியாசம் வந்தது. தொலைநோக்கி வந்தது, ஒரு செடி வந்தது, ஒரு பெண் கூடுதலாக வந்தாள். ஆனால் முப்பது சொச்சம் பேரில் ஒருவர்கூடத் தமக்குத் தெரிந்த ஓர் ஊரை வரையவில்லை. தேயிலை மலை இல்லை, ரப்பர் காடு இல்லை, மாணிக்கக் குழி இல்லை. விஞ்ஞானி எங்கேயோ இருக்கிறார். அந்த எங்கேயோ என்பதில் இரண்டு படங்களும் ஒன்றுதான்.

எங்கிருந்து வருகிறார் அவர்? கேட்டுப் பார்த்தேன். ரோபோக்காரர் 2010இல் வந்த 'எந்திரன்' படத்திலிருந்து வந்தவர். நேரத்தைப் பின்னுக்குத் திருப்புகிற கைக்கடிகாரம் செய்தவர் '24' படத்துச் சூர்யா. கலாம் நாட்காட்டியிலிருந்து வந்தார். நியூட்டனும் ஆர்க்கிமிடீசும் பாடநூலிலிருந்து. வெள்ளைக் கோட் எங்கிருந்து என்று கேட்டபோது ஒரு பெண்பிள்ளை, "டிஸ்பென்சரி ஐயா போடுவாரே" என்றாள். அது நியாயமான பதில். தோட்டத்தில் அந்தப் பிள்ளை கண்ணால் கண்ட ஒரே படித்த கோட் அதுதான். விஞ்ஞானம் படித்த ஒருவரை உயிரோடு, பக்கத்தில், பேசக் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். என்னைக் காட்டினார்கள். அதற்கு மேல் ஒருவரும் இல்லை.

இருப்பார்களா? இந்த மாவட்டத்தில் தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் உயிரியலோ பௌதிக விஞ்ஞானமோ படிக்க வசதியுள்ள பாடசாலைகள் அரிது. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த பிள்ளை ஒன்று ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ கொழும்புக்கோ போய்த் தங்கிப் படிக்க வேண்டும்; இல்லாவிட்டால் கலைப்பிரிவுக்குப் போக வேண்டும். பெண்பிள்ளையைத் தங்கவைத்துப் படிப்பிக்க எத்தனை குடும்பத்தால் முடியும்? அக்கா ஒருத்தி விஞ்ஞானம் படித்து வராத ஊரில் தங்கச்சி யாரைப் பார்த்து வரைவாள்? பிள்ளைகளின் கற்பனைக் குறை என்று இதை நாம் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

இப்போது நான் உங்களைக் கொஞ்சம் பின்னுக்குக் கூட்டிப் போகிறேன். தூரமில்லை. இங்கிருந்து ஓப்பநாயக்கா கடந்தால் பலாங்கொடை.

ஆனந்த குமாரசுவாமியை நாம் எல்லோரும் அறிவோம். சிவநடனத்தைப் பற்றி எழுதியவர், கலைமேதை, பொஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். சாஹித்திய விழாக்களில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் தொழிலால் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறோம்? லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் புவிச்சரிதமும் தாவரவியலும் படித்தவர். 1903இலிருந்து 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதலாவது பணிப்பாளர். நாடு முழுக்கக் கல்லும் மண்ணும் பார்த்துத் திரிந்தார். அந்த அலைச்சலில்தான் கிராமத்துக் கைவினைகள் அழிந்துபோவதைக் கண்டு கலைப்பக்கம் திரும்பினார்.

1904இல் பலாங்கொடைப் பக்கத்து மாணிக்க இல்லத்திலிருந்து கறுப்பான சின்னப் படிகங்கள் அவர் கைக்கு வந்தன. இல்லம் என்ற சொல் இங்கே பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். குழிக்கு அடியில் கல் கிடைக்கிற சரளை மண்ணைச் சிங்களத்தில் இல்லம என்பார்கள், நம்மவரும் அப்படியே சொல்வோம். அந்த இல்லத்தை மேலே ஏற்றி, வட்டியில் போட்டு, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவுவார்கள். வட்டி என்பதும் சிங்களக்காரர் சொல்லும் சொல்தான். சங்கத் தமிழிலும் கூடைக்கு வட்டி என்று பெயர் உண்டு. சுழற்றும்போது இலேசான மண் விளிம்பால் வழிந்து போகும். பாரமானது நடுவில் அடியில் தங்கும். வெறும் வெள்ளைக்கல் தண்ணீரைப் போல இரண்டரை மடங்கு பாரம் கொண்டது. நீலக்கல் நாலு மடங்கு. இந்தக் கறுப்புப் படிகமோ ஒன்பது மடங்குக்கும் மேல். வட்டியில் எல்லாவற்றுக்கும் அடியில், கடைசிவரை போகாமல் உட்கார்ந்திருக்கும். மாணிக்கம் தேடுகிறவருக்கு அதில் மினுக்கம் இல்லை, விலை இல்லை.

குமாரசுவாமி முதலில் அதை யுரேனினைட் என்ற ஏற்கெனவே தெரிந்த கனியம் என்று எண்ணினார். லண்டனில் விண்டம் டன்ஸ்டன் என்பவர் பகுத்துப் பார்த்தபோது அதில் பெரும்பங்கு தோரியம் என்று தெரிந்தது. உலகம் அதுவரை அறியாத புதுக் கனியம். தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள். தோரியம் கதிர்வீசும் என்று மேரி கியூரி கண்டு அப்போது ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

பலாங்கொடைக் கல் லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கே ஜேர்மனியிலிருந்து ஆங்கிலம் பழக வந்த இளைஞர் ஒருவர் இருந்தார். ஒட்டோ ஹான். இலங்கைத் தோரியனைட்டிலிருந்து எடுத்த உப்பை அவர் கையில் கொடுத்து, இதிலிருந்து ரேடியத்தைப் பிரித்தெடு என்றார் ராம்சே. பிரிக்கப் போனவர் 1905இல் வேறொன்றைக் கண்டார்: ரேடியோதோரியம் என்ற புதுக் கதிரியக்கப் பொருள். அது ஹானின் முதல் கண்டுபிடிப்பு. அதற்குப் பிறகுதான் அவர் கதிரியக்கத்தையே தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 1938இல் ஸ்ட்ராஸ்மன் என்பவரும் அவரும் யுரேனிய அணு பிளந்ததைக் கண்ட அந்த நீண்ட பாதையின் தொடக்கத்தில் சப்ரகமுவ ஆற்று மண் இருக்கிறது. அந்தப் பாதையில் முப்பது வருடம் ஹானோடு சேர்ந்து வேலை செய்தவர் லீசே மைட்னர் என்ற பெண். யூத வம்சத்தவர் என்பதால் 1938இல் ஜேர்மனியை விட்டுத் தப்பிப் போனார். நடந்தது அணுப்பிளவுதான் என்று தன் சகோதரியின் மகன் ஒட்டோ பிரிஷோடு சேர்ந்து விளக்கிச் சொன்னவர் அவர். 1944ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. என் வகுப்புப் படத்தில் தட்டேந்திப் பின்னால் நின்ற பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கதையை முதல்முறை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்ட கேள்வி: "அந்தக் கல்ல மொதல்ல குழியில இருந்து எடுத்தது யாரு, சேர்?" என்னிடம் பதில் இல்லை.

குழியில் இறங்குகிறவர் எல்லோரும் விஞ்ஞானி என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது முகஸ்துதி; பிள்ளைகளை ஏமாற்றுவதும்கூட. வட்டி சுழற்றுகிறவருக்குப் பாரத்தைக் கையால் பிரிக்கத் தெரியும். ஏன் இது இவ்வளவு பாரம் என்று கேட்டு, நிறுத்து, எழுதிவைத்து, இன்னொருவர் சரிபார்க்கும்படி விடுவது அடுத்த வேலை. அதற்குப் படிப்பு வேண்டும், கருவி வேண்டும், நேரம் வேண்டும். ஆனால் அந்த வேலையின் முதற்பாதி நம் வீட்டில் இருக்கிறது. முதற்பாதி வீட்டில் இருக்கிற பிள்ளை, முழுவதும் வெளிநாட்டில் நடக்கிறது என்று நம்பிக்கொண்டு வளர்கிறது. என் மனதை அரிப்பது இதுதான்.

இன்னும் சொல்லிக்கொண்டு போகலாம். எஹலியகொடைச் சரளையில் எப். எல். டி. எக்கநாயக்க 1953இல் ஒரு பச்சைக் கல்லைக் கண்டு, இது நமக்குத் தெரிந்த எதுவும் இல்லையே என்று ஐயப்பட்டார். அந்த ஐயம் 1961இல் அவர் பெயராலேயே எக்கனைட் என்ற புதுக் கனியமானது. இரத்தினபுரிக் குழிகளில் மாணிக்கத்தோடு வந்த எலும்பையும் பல்லையும் பீ. ஈ. பீ. தெரணியகல சேர்த்துவைத்துப் பார்த்துத்தான் இந்த மண்ணில் ஒருகாலம் காண்டாமிருகமும் நீர்யானையும் சிங்கமும் திரிந்தன என்று காட்டினார். இங்கே வாழ்ந்த ஆதிமனிதனுக்கு வைத்த பலாங்கொடை மனிதன் என்ற பெயரே பக்கத்து ஊர்ப் பெயர்தானே.

தேயிலைக்கு வருகிறேன். 1869இல் கோப்பி இலையில் மஞ்சள் துரு வந்தது. கோப்பித் தோட்டங்கள் அதோடு போயின. நம் பாட்டன் பூட்டன்மார் தேயிலைக்கு மாறியது அதனால். அந்தத் துருப் பூஞ்சணம் காற்றில் வித்தி பரவி வருகிறது என்று 1880இலிருந்து இரண்டு வருடம் இங்கே தங்கி ஆராய்ந்து காட்டியவர் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர். 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. மழைக்காலத்தில் இளங்கொழுந்தை வெளிச்சத்துக்குப் பிடித்தால் எண்ணெய்ப் பொட்டு மாதிரித் தெரியும் அந்தப் புள்ளியை நம் தாய்மாருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்த மலையில் 2023 என்ற தேயிலை இனம், எந்த மலையில் 2026 என்ற இனம் என்று இலையைப் பார்த்துச் சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. தலைமை இடம் தலவாக்கலை. தாழ்நாட்டுத் தேயிலைக்கான கிளை இரத்தினபுரியில், சென் ஜோக்கிம் தோட்டத்திலேயே இருக்கிறது. அங்கே விஞ்ஞானிகள், ஆண்களும் பெண்களும், தொப்பி போட்டுக்கொண்டு அட்டைக்கடியோடு மலையில் நடக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அது தெரியாது. எனக்கே தெரிந்தும் நான் கூட்டிப் போகவில்லை.

பூட்டுப் படம் வந்த அடுத்த கிழமை அலுமாரியைத் திறந்தேன். சாமானை மேசையில் பரப்பி, தொட்டுப் பாருங்கள் என்றேன். மணலும் இரும்பு அரத்தூளும் கலந்து கொடுத்து, பிரித்தெடுக்கச் சொன்னேன். காந்தம் என்பது பாடநூலின் விடை. காந்தத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒருத்தி, தகப்பன் குழி வேலைக்குப் போகிறவர், சோற்றுத் தட்டைக் கழுவி எடுத்து வந்துவிட்டாள். "காந்தம் வேணாம் சேர், தட்டு போதும்." கலவையைத் தட்டில் போட்டு, தண்ணீர் விட்டு, மணிக்கட்டை மட்டும் ஆட்டினாள். தோள் அசையவில்லை. மணல் விளிம்பால் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டு நடுவில் கறுப்பாக ஒரு பிறை மிஞ்சியது. வகுப்பு முழுவதும் அவளைச் சுற்றி நின்றது. நான் செய்து பார்த்தேன். இரும்பும் மணலும் சேர்ந்தே போய்விட்டன. அன்று முதல்முறையாக, அந்த வகுப்பில் எனக்குத் தெரியாததை ஒரு பிள்ளை எனக்குப் படிப்பித்தது. ஏன் கறுப்பு நடுவில் நிற்கிறது என்று பிறகு நாங்கள் எல்லோருமாக ஒரு மணித்தியாலம் பேசினோம். அடர்த்தி என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதும்போது அவர்களுக்கும் அது புதிதாக இருக்கவில்லை.

அன்று நெரிசலில் ஒரு சோதனைக் குழாய் உடைந்தது. பதிவேட்டில் "பாவனையில் உடைந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒருவரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.

வருட முடிவில் மறுபடி படம் வரையச் சொன்னேன். எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். கோட்டுக்காரர்தான் கூடுதலாக வந்தார். ஓர் அலுமாரியைத் திறந்து சினிமாவை வென்றுவிட முடியாது. தட்டில் பிரித்துக் காட்டிய பெண்பிள்ளை, வெள்ளைக் கோட் போட்ட ஆண் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று வட்டி கழுவுவதாக வரைந்தாள். பக்கத்தில் இருந்தவள், "கோட்டு நனஞ்சிருமே" என்றாள். இவள் யோசித்துவிட்டுக் கோட்டின் அடிப்பகுதியை மட்டும் அழித்தாள்.

இந்த அறக்கட்டளை வட்டியில் வருடாவருடம் முதல் மூன்று பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுக்கிறீர்கள். அது நடக்கட்டும். அதோடு என் வேண்டுகோள் ஒன்று. வருடத்துக்கு ஒரு பஸ். தரம் ஏழு, எட்டுப் பிள்ளைகளை, கெட்டிக்காரர் என்று பொறுக்காமல் எல்லோரையும், சென் ஜோக்கிமுக்கு ஒருநாள் கூட்டிப் போக வேண்டும். அமெரிக்காவில் பெர்மி என்ற பௌதிக ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போன ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் போகும் முன்னும் வந்த பின்னும் வரையச் சொன்னார்கள். போய்வந்த பிறகு கோட்டைக் கழற்றி, சாதாரண சட்டை போட்ட, சிரித்துப் பேசுகிற மனிதர்களை வரைந்தார்கள். இங்கிருந்து இரத்தினபுரி போக விமானச் சீட்டு வேண்டியதில்லை. கூடவே, அலுமாரிச் சாவியை அதிபர்களிடம் கேட்கிறேன்: உடைந்தால் "பாவனையில்" என்று எழுத ஆசிரியர்களுக்குத் தைரியம் கொடுங்கள்.

பூட்டு வரைந்த அந்தப் பையனின் முதல் படத்தையும் வருட முடிவுப் படத்தையும் வெளியே மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது பாருங்கள். இரண்டாவதிலும் அதே அலுமாரிதான், ஆனால் கதவு திறந்திருக்கிறது. ஆள் இல்லை. நான் இந்த முறை கேட்கவில்லை. மேல்தட்டில் சோதனைக் குழாய்த் தாங்கி இருக்கிறது. அதில் பன்னிரண்டு துளை. குழாய்களை எண்ணிப் பாருங்கள், பதினொன்றுதான் இருக்கும். வலது பக்கத்திலிருந்து மூன்றாவது துளை வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.